எச்சரிக்கை: 46,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய இரைச்சல்

இன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை ராத்திரி நடந்ததை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது. கானமேளா (மேடைப் பாட்டுக் கச்சேரி) டிரூப்பில் வாசிக்கிற நம்ம பையன்களுக்காக மேடைச் சாமான் வாங்குவது பற்றி விளக்கமாக ஒரு பதிவு போட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். மைக், காதில் மாட்டுகிற மானிட்டர், கேபிள், கரண்ட் என்று ஒவ்வொன்றாக எழுத ஆசை. இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கடைசியில் முடிந்தால் நாலு வார்த்தை.

நான் மார்த்தாண்டம் பக்கம். கீபோர்டு வாசிக்கிறேன், டிரூப்பும் நான்தான் நடத்துகிறேன், பதினாலு வருஷமாக. இந்தப் பக்கம் கோவில் கொடை, சர்ச் திருவிழா. களியக்காவிளை தாண்டினால் உற்சவம், கிளப் ஆண்டு விழா, கல்யாண ரிசப்ஷன். பாதி தமிழ்ப் பாட்டு, பாதி மலையாளப் பாட்டு. இப்போதெல்லாம் வயர் மைக்கோடு போனால் கமிட்டிக்காரர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிறது. பாடுகிற அக்கா மேடையை விட்டு இறங்கி, சின்னப் பிள்ளைகள் ஆடுகிற இடத்தில் நின்று பாடினால்தான் அவர்களுக்கு அது பரிபாடி (நிகழ்ச்சி). இரண்டு வயர்லெஸ் கை மைக்கும், அதன் சத்தத்தை வாங்கி மிக்ஸருக்குக் கொடுக்கிற ஒரு ரிசீவரும் உள்ள நல்ல செட் புதிதாக வாங்க நம்மிடம் காசு ஏது?

திருவனந்தபுரம் போகிற ரோட்டில் பழைய சவுண்ட் சாமான் விற்கிற கடை ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். ஆம்ப், பாக்ஸ், மிக்ஸர் எல்லாம் கூரை வரை அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு டிரம்ஸ் வாசிக்கிற தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்து, போன வருஷம் ஒரு உற்சவத்தில் எங்கள் பரிபாடியைக் கேட்டதாகச் சொன்னார். நான் வாசித்த ஒரு இடையிசையை வாயாலேயே பாடியும் காட்டினார். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். கலைஞன் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் நமக்கு மூளை வேலை செய்யாதே.

சாயா வந்தது. செட் வந்தது. எல்லாருக்கும் தெரிந்த பெரிய அமெரிக்கக் கம்பெனி மைக். அமெரிக்காவில் ஒரு சர்ச்சில் இருந்ததாம், கண்டெய்னரில் வந்ததாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உபயோகமாம். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது, வலையில் ஒரு நசுங்கல் கூட இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு அறை, அங்கே கூட்டிப் போய் இரண்டு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். தம்பி ஒரு மைக், நான் ஒரு மைக். அறைக்கு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்து பார்த்தோம். கண்ணாடி மாதிரி சத்தம். ரிசீவரின் அடியில் பச்சைக் கலரில் ‘டெஸ்டட் ஓகே’ என்று ஸ்டிக்கர். கூட வந்த அடாப்டர் நம்ம ஊர் அடாப்டர். ஒரிஜினல் எங்கே என்றேன். வழியில் தொலைந்து போனதாம். சரி, அடாப்டர்தானே என்று விட்டேன்.

55,000 சொன்னார், 46,500-க்கு இறங்கினார். பணம் அனுப்பப் போனை எடுத்தால் அந்த அறையில் டவரே கிடைக்கவில்லை. படியேறி ரோட்டுக்கு வந்து நின்றுதான் அனுப்பினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். க்யூஆரில் வேறு யாரோ பெண் பெயர் வந்தது, மனைவியின் அக்கவுண்டாம். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘மைக் செட் 1’ என்று எழுதித் தந்தார். ஏதாவது பிரச்சினை வந்தால் என்று இழுத்தேன். தோளில் கை போட்டு, “ஒண்ணும் பேடிக்கண்டா அண்ணா, ஞான் இவிட உண்டல்லோ” என்றார், பயப்படாதே, நான் இங்கேதானே இருக்கிறேன் என்று. நம்பினேன். அந்தக் கையின் கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

சனிக்கிழமை ஒரு சர்ச் திருவிழா. சாயங்காலம் 4 மணிக்கு செக் பண்ணினோம், நாற்காலி போடுகிற பையன்களைத் தவிர மைதானத்தில் ஆள் இல்லை, மைக் அருமையாக இருந்தது. ராத்திரி 8.30-க்கு ஆரம்பித்தோம். மைதானம் நிரம்பி, பின்னால் மதில் மேலெல்லாம் ஆள். இரண்டாவது பாட்டு, சரணம். அக்கா வாய் அசைகிறது, பாக்ஸில் ‘சர்ர்ர்’. அப்புறம் அரை வரி வருகிறது, மறுபடியும் சர்ர்ர். அவர் மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்தின் பக்கம் போகப் போக இன்னும் மோசம். பேட்டரி மாற்றினேன், சேனல் மாற்றினேன், பதற்றத்தில் என் கை கீபோர்டில் வேறு சுருதியில் விழுந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் அறிவிப்பாளர் கையில் இருந்த வயர் மைக்கைப் பிடுங்கி அக்காவிடம் கொடுத்தோம். மீதி பரிபாடி முழுவதும் அந்த ஒரே மைக்கில். கமிட்டிக்காரர்கள் பேசிய தொகையில் 5,000 பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன்தான் எல்லாம் முடிந்தபிறகு ரிசீவரைக் கையில் எடுத்தார். புரட்டிப் போட்டு, அந்தப் பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். உரிய உரிய, கீழே கம்பெனி அச்சடித்த அலைவரிசை: 702 – 742 மெகாஹெர்ட்ஸ். “மக்கா, ஒன்னய நல்லா பறிச்சிட்டான்” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அமெரிக்காவில் 2010 ஜூன் 12 முதல் 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வயர்லெஸ் மைக் உபயோகிக்கக் கூடாது என்று தடை. அந்த அலைவரிசை அங்கே செல்போனுக்குப் போய்விட்டது. நம்ம நாட்டிலும் 2022 ஏலத்தில் 700 போனுக்குத்தான் விற்றது. இந்த அலைவரிசையில் நம்ம கையில் இருக்கிற போனிலிருந்து டவருக்குப் போகிற சிக்னல் 703 முதல் 748 வரை. அதாவது என் மைக் உட்கார்ந்திருக்கிற அதே திண்ணை. இப்படிப்பட்ட மைக்கின் பலம் 10 முதல் 50 மில்லிவாட், போன் 200 வரை போகும். சாயங்காலம் காலி மைதானத்தில் நன்றாக இருந்தது ஏன், கூட்டம் வந்ததும் செத்தது ஏன், அக்கா கூட்டத்துக்குள் போகப் போக மோசமானது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. டவரே கிடைக்காத கீழ்த்தள அறையில் வைத்து ஏன் போட்டுக் காட்டினான் என்பதும். அடாப்டர் ‘தொலைந்ததும்’ அதே கதைதான், அமெரிக்கப் பின்னைப் பார்த்தால் நாம் கேள்வி கேட்போமே.

46,500 ரூபாய். ஆறேழு பரிபாடிக்கு ஓடினால் என் கையில் மிஞ்சுகிற காசு அது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன் போட்டேன். “பேட்டரி நல்லதா போட்டீங்களா?” போட்டேன். “ஆன்டெனா நேரா நிந்நோ?” நின்றது. “அப்போ நிங்ஙளுடெ மிக்ஸர் கம்ப்ளெய்ன்ட்.” அலைவரிசை எண்ணைச் சொன்னதும் லைன் கட். அப்புறம் ஏழு தடவை அடித்தேன், ஒன்றுக்கும் எடுக்கவில்லை.

நேற்று நேரிலேயே போனேன். முதலாளி இல்லை, கோட்டயம் போயிருக்கிறார் என்றான் ஒரு பையன். அவருடைய ஸ்கூட்டர் வாசலில்தான் நிற்கிறது. நான் நகரவில்லை. அரை மணி நேரம் கழித்துப் படியேறி வந்தார், என்னை முன்பின் பார்த்தே இராதவர் மாதிரி. செகண்ட் ஹேண்ட் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது, போர்டு பார்க்கவில்லையா என்று சுவரைக் காட்டினார். மலையாளத்தில் எழுதியிருக்கிறது. நான் மலையாளம் பேசுவேன், பாடுவேன், வாசிக்கத் தெரியாது. அந்தப் பையனே வாசித்துக் காட்டினான்: ‘விற்ற சாதனங்ஙள் திரிச்செடுக்குந்நதல்ல’, விற்ற சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று. அப்புறம் பெரிய மனசு பண்ணி, இன்னும் 8,000 கொடுத்தால் வேறு செட் தருகிறேன் என்றார். அந்த இன்னொரு செட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதன் அடியிலும் பச்சை ஸ்டிக்கர்.

வீட்டுக்கு வந்தால் அம்மா, “எவ்வளவு சக்கரம்டா போச்சு?” என்கிறாள். 46,500 என்று சொல்ல வாய் வரவில்லை. பாதிதான் சொன்னேன்.

சரி, சொன்ன நாலு வார்த்தை.

வயர்லெஸ் எதுவானாலும் அடியில் அச்சடித்திருக்கிற அலைவரிசையைப் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் காசு கொடுப்பதற்கு முன்பே உரியுங்கள். 7-ல் தொடங்கினால் தொடாதீர்கள். 600-லும் ஒரு பெரிய பகுதியை அமெரிக்காவில் 2020 ஜூலையோடு மைக்குக்கு மூடிவிட்டார்கள், அந்தச் சாமானும் கண்டெய்னர் ஏறும், ஜாக்கிரதை.

சோதனையைக் கடைக்குள் செய்யாதீர்கள். வெளியே, ஆள் நடமாடுகிற இடத்தில், இரண்டு மூன்று போனில் வீடியோ ஓடவிட்டு, ஐம்பது அடி தள்ளி நின்று பாடிப் பாருங்கள்.

வயர் மைக் ஒன்றாவது எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். அதிலும் போலி உண்டு. பாடகர்கள் எல்லாரும் பிடிக்கிற அந்தப் பிரபலமான வயர் மைக் எஸ்.எம். 58 என்று 1,500 ரூபாய்க்கு யாராவது நீட்டினால் பலசரக்குக் கடைத் தராசில் வையுங்கள், உண்மையானது 298 கிராம். எடை சரியாக இருந்தால் மட்டும் நல்லது என்று ஆகாது, ஆனால் குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

பில்லில் மாடல், சீரியல் நம்பர், அலைவரிசை மூன்றும் எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை, அதனால்தான் இப்போது துண்டுச் சீட்டோடு அலைகிறேன்.

கடை கேரளாவில் இருந்தாலும் வழக்கை நம்ம ஊரிலேயே போடலாம் என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். 2019 நுகர்வோர் சட்டத்தில் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இடம் இருக்கிறது, 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. தொழிலுக்கு வாங்கியது என்று அவர்கள் மடக்கப் பார்ப்பார்களாம். சொந்தப் பிழைப்புக்காக, நாமே வாசித்துச் சம்பாதிக்க வாங்கியது என்றால் செல்லும் என்கிறார். இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்தேன். ஸ்டிக்கர் பாதி உரிந்த ரிசீவரை அப்படியே போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

கேபிள், கரண்ட், காது மானிட்டர் பற்றியெல்லாம் பிறகு ஒரு நாள் எழுதுகிறேன், இப்போது கை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பளுகல் பக்கம் ஒரு கோவில் பரிபாடி இருக்கிறது. இரண்டு வயர் மைக் கடன் கேட்டு வாங்கிவிட்டேன். மைக் கேபிள் 15 மீட்டரில் இரண்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கே கொண்டுவந்து தந்துவிடுகிறேன்.