ஆட்வேரும் ஆட்வ்கிளீனரும்: பத்து வருடப் பழக்கம்

விக்கிபீடியா பக்கத்தின் ஓரத்தில் ஷூ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விக்கிபீடியா அவ்வப்போது நன்கொடை கேட்கும், யாருடைய விளம்பரத்தையும் போடாது. அப்படியென்றால் அந்த ஷூ என் கம்ப்யூட்டருக்குள்ளிருந்துதான் வருகிறது. இது நடந்தது 2014-இல். இன்றைக்கும் யாராவது "நெட்டைத் திறந்தாலே ஒரே விளம்பரமா வருது" என்று வந்தால், முதலில் விக்கிபீடியாவைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். அங்கேயும் விளம்பரம் தெரிந்தால் ஆட்வேர்தான், அதாவது நம் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு விளம்பரம் காட்டும் மென்பொருள், சந்தேகமே வேண்டாம்.

அது உள்ளே வந்த வழி வெட்கக்கேடானது. வீட்டிலேயே சின்னதாக டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்கிறேன். ஒருவர் பழைய கல்யாணப் பத்திரிகையைப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைலாகக் கொண்டுவந்தார். திறந்தால் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கலந்து குப்பையாகத் தெரிந்தது. அந்தப் பழைய ஃபாண்ட் என்னிடம் இல்லை. தேடிப்போன ஒரு தளத்தில் பச்சை நிறத்தில் 'டவுன்லோட்' என்று மூன்று பெரிய பட்டன்கள். மூன்றுமே விளம்பரம். உண்மையான இணைப்பு கீழே பொடி எழுத்தில் இருந்தது. நான் அழுத்தியது பெரியதை. வந்த ஃபைல் ஒரு செட்டப், அதாவது இன்ஸ்டால் செய்யும் புரோகிராம். ஃபாண்ட் என்றால் டிடிஎஃப் ஃபைல், நேராக ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. அதற்கு எதற்குச் செட்டப்? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். ஃபாண்ட் கடைசிவரை கிடைக்கவே இல்லை. பத்திரிகையை வேறு ஃபாண்டில் புதிதாக அடித்துத்தான் கொடுத்தேன்.

மறுநாள் பிரவுசரின் முதல் பக்கம் பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடுபொறியாக மாறியிருந்தது. ஆங்கிலச் செய்தி படித்தால் நடுநடுவே சில சொற்களுக்குப் பச்சையில் இரட்டை அடிக்கோடு, மவுஸ் பட்டாலே ஒரு பெட்டி குதித்து வரும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸில் முழு ஸ்கேன் ஓட்டினேன். எல்லாம் சுத்தம் என்றது. அதையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. ஆட்வேர்க்காரன் பூட்டை உடைத்துக்கொண்டு வருவதில்லை, கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் வருகிறான். ஏற்கெனவே டிக் போட்டு வைத்த ஒரு கட்டம், அதன் அடியில் யாரும் படிக்காத ஒப்பந்தம். நாம் நெக்ஸ்ட் அழுத்தினால் சம்மதம் என்று கணக்கு. அதனால் அந்தக் காலத்தில் பல ஆன்டிவைரஸ்கள் இவற்றை வைரஸ் என்று சொல்லத் தயங்கின.

சரி, கையாலேயே எடுக்கலாம் என்று இறங்கினேன். கண்ட்ரோல் பேனலில் புரோகிராம்களைத் தேதி வாரியாக அடுக்கினால், அந்த ஒரே நாளில் நான் கேட்காத நான்கு புரோகிராம்கள். இன்றைக்கும் நான் விடாத வழக்கம் இது. பெயரைப் பார்த்தால் எல்லாமே யோக்கியமாகத்தான் இருக்கும், தேதிதான் காட்டிக்கொடுக்கும். நான்கையும் நீக்கினேன், பிரவுசரில் ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரலையும் எடுத்தேன். அப்படியும் பிரவுசரைத் திறந்தால் அதே பக்கம். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு டெஸ்க்டாப்பில் இருந்த குரோம் ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். 'டார்கெட்' என்ற வரியில் குரோமின் பாதை முடிந்து, ஒரு இடைவெளி விட்டு, அந்தத் தேடுபொறியின் முகவரி ஒட்டியிருந்தது. பிரவுசருக்குள் எந்த செட்டிங்கை மாற்றி என்ன பயன்? அழித்தேன். மறுநாள் காலையில் மறுபடியும் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் நண்பர் ஒருவர் பென்டிரைவில் ஆட்வ்கிளீனர் என்ற ஆட்வேர் நீக்கும் கருவியைக் கொண்டுவந்தார். எக்ஸ்பிளோட் என்ற புனைபெயரில் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியது. இன்ஸ்டால் கிடையாது, ஒரே ஃபைல், டபுள் கிளிக் செய்தால் ஓடும். ஸ்கேன் சில நிமிடம்தான். முடிந்ததும் ஃபோல்டர், ஃபைல், ஷார்ட்கட், ஷெட்யூல்டு டாஸ்க் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) என்று வகை வகையாகப் பிரித்துக் காட்டியது. தினமும் காலையில் ஷார்ட்கட்டைத் திருத்திய ஆசாமி அந்த டாஸ்க் வரிசையில் 'அப்டேட்' என்ற பெயரில் உட்கார்ந்திருந்தான். சுத்தம் செய்யும் பட்டனை அழுத்தினால் திறந்திருப்பதையெல்லாம் மூடிவிட்டு ரீஸ்டார்ட் ஆகும், அதனால் வேலையை முதலில் சேவ் செய்துவிடுங்கள். எதை எடுத்தது என்ற பட்டியல் சி டிரைவில் அதன் பெயரிலேயே உள்ள ஃபோல்டரில் டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கும். என் முதல் பட்டியலை நோட்பேடில் திறந்து உருட்டினேன், உருட்டிக்கொண்டே இருந்தேன்.

2016 அக்டோபரில் மால்வேர்பைட்ஸ் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் இதை வாங்கியபோது, இனி காசு கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. இன்றும் இலவசம், இன்றும் ஒரே ஃபைல். (அதே நிறுவனம் முந்தைய வருடம் வாங்கிய ஜங்க்வேர் ரிமூவல் டூலைத்தான் 2018-இல் நிறுத்திவிட்டார்கள்.) பின்னால் வந்த பதிப்புகளில், லேப்டாப் கம்பெனியே போட்டுத்தரும் புரோகிராம்களையும் தனியாகக் காட்டுகிறது. அந்தப் பகுதியில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுத் தூக்காதீர்கள். அதில் உங்களுக்கு வேண்டியதும் இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு பகுதி தேவைதான். 2014 செப்டம்பரிலிருந்து 2015 தொடக்கம்வரை விற்ற பல லெனோவா லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் கடையிலிருந்தே கூட வந்தது. ஒரு தளம் உண்மையானதா என்று பிரவுசர் சான்றிதழை வைத்துத்தான் நம்பும்; அது தன் சொந்த சான்றிதழை விண்டோஸுக்குள் நட்டு, பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான தளங்களுக்குள்ளும் விளம்பரத்தைச் செருகியது. எல்லா லேப்டாப்பிலும் அந்தச் சான்றிதழுக்கு ஒரே சாவி என்பதுதான் கொடுமை, ஒருவர் கண்டுபிடித்தால் எல்லோருடைய வீடும் திறந்துவிடும். பெட்டி பிரிக்காத புதுக் கம்ப்யூட்டர் சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அத்தோடு போயிற்று.

இடையில் இன்னொரு வகையும் பார்த்தேன். குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி. ஒற்றை அறை டிடிபிக்கு ஏது நிறுவனம்? ஆட்வேர் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி என்ற நிர்வாகக் கட்டளை ஒன்றை எழுதிவைத்து, தன் எக்ஸ்டென்ஷனை நாம் நீக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும் தந்திரம் அது. ஆட்வ்கிளீனர் செட்டிங்ஸில் குரோம் பாலிசி, பிராக்ஸி (இணையத்துக்குப் போகும் இடைவழி), ஹோஸ்ட்ஸ் ஃபைல் (எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்ற பட்டியல்) ஆகியவற்றை மீட்டமைக்கத் தனித்தனி சுவிட்சுகள் உண்டு. இந்த வகைக்கு அவற்றைப் போட்டுவிட்டு ஓட்டவேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வேண்டாம், அங்கே உண்மையிலேயே நிறுவனம்தான் நிர்வகிக்கும்.

கடந்த சில வருடங்களாக ஸ்கேன் ஓட்டினால் பெரும்பாலும் பூஜ்யம்தான். ஆனால் புகார் மட்டும் குறையவில்லை. என் மாமனார் ஒருநாள் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்காம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் கீழ மூலையில வந்து சொல்லுது. பணம் கட்டச் சொல்லுது."

"கட்டிட்டீங்களா மாமா?"

"உங்களக் கேட்டுட்டுக் கட்டலாம்னு இருக்கேன்."

அந்தப் பெட்டியில் பெரிய சிவப்பு எழுத்தை விட்டுவிட்டு, பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். குரோம் என்ற பெயரும் ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. ஆன்டிவைரஸ் பேசினால் அங்கே எதற்கு வெப்சைட் முகவரி? அது வெறும் நோட்டிஃபிகேஷன், ஒரு தளம் பிரவுசர் வழியாக அனுப்பும் அறிவிப்பு. கம்ப்யூட்டரில் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை, அதனால் ஸ்கேன் ஓட்டினாலும் பெரும்பாலும் எதுவும் பிடிபடாது. குரோம் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் 'அலோ' என்பதன் கீழே ஒரு பட்டியல் இருக்கும். மாமாவின் பட்டியலில் பதினொரு தளங்கள். ஒவ்வொன்றாக நீக்கவைத்தேன், சத்தம் நின்றது. ஏதோ பழைய படம் இலவசமாகப் பார்க்கப் போன இடத்தில், 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலோ அழுத்தவும்' என்று கேட்டிருக்கிறது.

"நான் ரோபோ இல்லைன்னுதானே சொன்னேன் மாப்பிள்ளை, அதுக்கு இவ்வளவா?"

குரோமுக்குள்ளேயே இருந்த கிளீனப் கருவியைக் கூகுள் 2023-இல் எடுத்துவிட்டது. இன்ஸ்டால் ஆகும் வகைத் தொல்லை குறைந்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். என் அனுபவமும் அதுதான். இப்போதெல்லாம் நான் முதலில் திறப்பது நோட்டிஃபிகேஷன் பட்டியலை, பிறகு எக்ஸ்டென்ஷன்களை, அதற்கப்புறம்தான் ஆட்வ்கிளீனரை.

விண்டோஸிலேயே ஒரு நல்ல சுவிட்ச் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்', அதற்குள் 'ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்'. வேண்டாத ஆப்களைத் தடுக்கும் அந்த வசதி விண்டோஸ் 10-க்கு 2020 மே அப்டேட்டில் வந்தது. அதில் ஆப், டவுன்லோட் என்று இரண்டு கட்டங்கள், இரண்டுக்கும் டிக் இருக்கிறதா பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானும் போட்டிருக்கிறேன். அந்தப் பச்சை டவுன்லோட் பட்டன்களே விளம்பரம் என்பதால் அவை கண்ணிலேயே படுவதில்லை. குரோமில் இப்போது அதன் லைட் வடிவம்தான் ஓடுகிறது.

ஆட்வ்கிளீனரில் குறை என்றால், கூடவே இருந்து காவல் காக்காது, கூப்பிட்டால்தான் வரும், விண்டோஸுக்கு மட்டும்தான். தேடுபொறியில் பெயரை அடித்து, மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தி இறக்காதீர்கள். இதே பெயரில் போலி ஒன்று ஒரு காலத்தில் சுற்றியது, பொய்யாக ஸ்கேன் செய்து பணம் கேட்கும். மால்வேர்பைட்ஸ் தளத்துக்கே போய் எடுங்கள். பென்டிரைவில் நான் வருடக்கணக்காக வைத்திருந்த பிரதியைப் போன மாதம் அழித்துவிட்டேன். பழைய பிரதிக்குப் புதிய ஆட்வேரின் பெயர் தெரியாது. தேவைப்படும் அன்றைக்கு இறக்கிக்கொள்கிறேன், சில எம்பிதான்.