கிளி கேட்டுப் போனேன், கூண்டை மட்டும் கொடுத்து அனுப்பினார்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தப் பறவைக் கடை. பெயர்ப் பலகை இல்லை. கீழே தீவனமும் கூண்டும், மொட்டை மாடியில் பறவைகள். மே மாதம் என் ஒன்பது வயது மகனுக்காக அங்கே ஒரு லவ் பேர்ட்ஸ் வாங்கினேன். நாலு மாதம் ஆகிவிட்டது. முதல் தடவையாக வீட்டுக்குக் கிளி கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மகன் கேட்டது பச்சைக்கிளி. மதுரைப் பிள்ளை வேறு என்ன கேட்கும்? மீனாட்சி கையில் இருப்பது அதுதானே. கோயிலில் கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் நிஜக் கிளிகளே இருந்தன, 'மீனாட்சி, மீனாட்சி' என்று கூப்பிடும் என்று என் அம்மா வேறு அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாள். முதலில் போன வேறொரு இடத்தில், "குஞ்சு இருக்கு, சாயங்காலமா வாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தக் கடைத் தம்பியிடம் கேட்டபோது பட்டென்று சொன்னார்: "அக்கா, பச்சைக்கிளி காட்டுப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டத்துலயே இருக்கு. பிடிக்கவும் கூடாது, விக்கவும் கூடாது, வாங்கி வீட்டுல வைக்கவும் கூடாது."

மகன் முகம் சுருங்கிவிட்டது. அவர் அவனை மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு லவ் பேர்ட்ஸைக் கையில் எடுத்துக் காலைக் காட்டினார். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். பச்சைக்கிளிக்கும் இப்படித்தான் இருக்கும், இதுவும் கிளிதான், சொந்த ஊர் ஆஸ்திரேலியா, பட்ஜி என்று பெயர், கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியது, அதனால் வளர்க்கத் தடை இல்லை என்றார். அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் பையன் சமாதானம் ஆனான்.

அன்றைக்கே வாங்கிவிடலாம் என்று பணத்தோடுதான் போயிருந்தேன். அவர் கொடுக்கவில்லை. கேள்வியாகக் கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? நான்தான், வீட்டிலேயே தையல். அப்படியென்றால் ஒன்று போதும், உங்களிடம் ஒட்டிக்கொள்ளும். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடந்தால் ஜோடியாகத்தான் கொடுப்பேன் என்றார். பூனை நடமாட்டம் உண்டா? ஓடுகிற ஃபேனில் அடிபட்டுச் சாகிற கிளிகள் நிறைய, வெளியே விட்டால் ஃபேனை நிறுத்துவீர்களா? கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு விளங்கவே இல்லை: "தோசைக்கல்லு இரும்பா, நான்ஸ்டிக்கா?"

நான்ஸ்டிக் கல் காய்ந்து அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து ஒரு ஆவி கிளம்பும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். சின்னப் பறவையின் நுரையீரல் தாங்காது, கொஞ்ச நேரத்திலேயே உயிர் போய்விடும். எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவே கிடையாது. கல்லை அடுப்பில் போட்டுவிட்டுத் துணி வெட்ட உட்கார்ந்து மறந்துபோன நாட்கள் எத்தனையோ. அதை நினைத்தாலே இப்போதும் பதறுகிறது. மறுநாளே பரணிலிருந்து மாமியாரின் இரும்புக் கல்லை இறக்கி, எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்துப் பழக்கிவிட்டேன். கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் கிளி இருக்கிற அறையில் ஆகாது என்றார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி இப்போது வாசலோடு சரி.

அன்றைக்குக் கூண்டை மட்டும் கொடுத்தார். வீட்டில் வைத்து, எந்த இடத்தில் வெயில் படுகிறது, எங்கே அடுப்புப் புகை வருகிறது என்று ஒரு வாரம் பாருங்கள், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் எடுத்த வட்டக் கூண்டையும் திரும்ப வாங்கி வைத்துவிட்டார். கிளி பக்கவாட்டில்தான் பறக்கும், உயரத்தைவிட நீளம் முக்கியம் என்று இரண்டடி நீளக் கூண்டு, 1,400 ரூபாய். கம்பிக்குக் கம்பி அரை அங்குலம்.

இந்தக் கூண்டில் எனக்குக் குறை உண்டு. தீனிக் கிண்ணம் வைக்கிற சின்னக் கதவுகள் மேலே தூக்கித் திறப்பவை, தாழ்ப்பாள் கிடையாது. மூன்றாவது வாரம் கிளி அலகாலேயே கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நல்ல வேளை, கரண்ட் போன நேரம், ஃபேன் ஓடவில்லை. ஜன்னலை அடைத்து அறையை இருட்டாக்கியதும் திரைக்கம்பியில் போய் உட்கார்ந்தது. துண்டைப் போட்டு எடுத்தேன். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது என் உள்ளங்கையில் தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டு கதவுக்கும் துணி கிளிப். இதைக் கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே இருந்த வழுவழுப் பிளாஸ்டிக் குச்சியையும் எடுத்துவிட்டுக் கொய்யாக் கிளை மாட்டினேன். பட்டையை உரித்துப் போடுவதே அதற்கு ஒரு வேலை.

ஒரு வாரம் கழித்து, காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். புது இடத்தில் தீனியும் தண்ணீரும் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு முழுப் பகல் வேண்டுமாம். நெற்றியில் மூக்கு வரைக்கும் கோடு இருந்தால் இளசு, கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும், ஆசனவாய் சுத்தமாக இருக்கணும், சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பதைத் தொடாதீர்கள் என்று அவரே சொல்லிக்கொடுத்து, எங்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். பச்சையில் மஞ்சள் தலை ஒன்றை மகன் காட்டினான். 300 ரூபாய். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, அது தின்றுகொண்டிருந்த தினையிலேயே இரண்டு கை அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வில்லாபுரம் வரை ஷேர் ஆட்டோவில் மகன் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

முதல் மூன்று நாள் கையை உள்ளே விடாதீர்கள் என்றிருந்தார். கூண்டின் மூன்று பக்கமும் பழைய காட்டன் சேலையைப் போர்த்தினேன். மத்தியானம் வரை அது அசையவே இல்லை. நான் மெஷினை மிதிக்க ஆரம்பித்ததும் மெல்ல ஒரு சத்தம். நிறுத்தினேன், அதுவும் நிறுத்தியது. சாயங்காலம் தினைக் கதிரைக் கொத்தியது. இப்போதும் மெஷின் ஓடினால் அதுவும் பேச ஆரம்பித்துவிடும்.

ஒரு விஷயம் மட்டும் யாரும் சொல்லாமல் நானாகப் பயந்து தெரிந்துகொண்டது. இரண்டாம் நாள் கிண்ணம் நிறைந்தே இருந்தது, கிளி சாப்பிடவில்லை என்று கலங்கிப்போனேன். அம்மா வந்து கிண்ணத்தை எடுத்து ஒரு ஊது ஊதினாள். பறந்ததெல்லாம் உமி, அடியில் பத்துத் தினைகூட இல்லை. தினமும் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் தீனி போட வேண்டும். காலையில் முருங்கைக் கீரையும் கொத்தமல்லியும் வைக்கிறேன்.

பில் கிடையாது. போன் அடித்தால் பாதி நேரம் எடுக்க மாட்டார். தினையில் தூசி இருந்தது. இப்போது மளிகைக் கடையில் வாங்கிப் புடைத்துப் போடுகிறேன்.

ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார். மகன் பாண்டி என்று பெயர் வைத்தான். போன மாதம் மூக்குக்கு மேலே இருக்கிற சதை நீலமாக மாறாமல் பழுப்பாகிவிட்டது. போட்டோவைக் காட்டினேன். "பெட்டைதான்க்கா, குஞ்சுல பார்த்துத் தப்பாச் சொல்லிட்டேன், மாத்தித் தரவா?" என்றார். மகன் வேகமாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அப்படியானால் கூண்டில் மண்பானை மட்டும் கட்டிவிடாதீர்கள், பானையைக் கண்டால் தனிப் பெட்டையும் முட்டை போடும், உடம்பு இற்றுப்போகும், கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு) எப்போதும் மாட்டியிருக்கட்டும் என்று சொல்லி, புதுக் கடல் நுரை ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.