கேஎல்லேர்ந்து கேமரன் மலைக்கு டிரைவரோட ஆல்ஃபார்ட்ல: ஏழு வருஷ அனுபவம்

2018 டிசம்பர்ல ஆரம்பிச்சது, இதுவரைக்கும் பதினேழு தடவை போய்ட்டு வந்தாச்சு. கேஎல்ல (கோலாலம்பூர்) செந்தூல்ல எங்க வீட்டு வாசல்ல ஏறுனா கேமரன் மலையில ரிங்லெட் பக்கம் மாமா வீட்டு வாசல்லதான் இறங்குறது, டிரைவரோட வர்ற வாடகை ஆல்ஃபார்ட், டொயோட்டாவோட ஏழு சீட்டு சொகுசுக் காடி (கார்). நாலு இடத்துல மாத்தி மாத்தி புக் பண்ணிப் பாத்துட்டு கடைசியில ஒரு டிரைவர் அண்ணன்கிட்ட வந்து நின்னுருக்கோம். பஸ்ஸு இருக்கு, சொந்தக் காடி இருக்கு, எதுக்கு இவ்ளோ காசுன்னு சொந்தக்காரங்கள்ல ஆரம்பிச்சு ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க வரைக்கும் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

அம்மாவுக்கு இப்ப 74. தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, தாத்தா கொழுந்து நிறுக்குற இடத்துல வேலை பாத்தாரு, கல்யாணம் பண்ணித்தான் கேஎல் வந்தாங்க. அவங்க தம்பி, அதான் எங்க மாமா, இன்னும் மேலதான் இருக்காரு, கோயில் திருவிழா, தீபாவளி, நல்லது கெட்டதுன்னு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை போயே ஆகணும். ஆனா மலையில பொறந்த அதே ஆளுக்கு இப்ப மலைச் சடக்கு (ரோடு) ஏறுனா வாந்தி. சின்ன வயசுல தோட்டத்து லாரியில பின்னாடி நின்னுக்கிட்டு காத்து மூஞ்சில அடிக்க போனப்பல்லாம் ஒண்ணும் ஆகலையாம், மூடுன காடிக்குள்ள உக்காந்தாத்தான் இந்தக் கொடுமை. 2018ல முட்டி ஆபரேஷன் வேற. அந்த வருஷ தீபாவளிக்கு மச்சான் தன்னோட மைவியில, சின்னக் காடி அது, கூட்டிட்டுப் போனாரு, லாத்தா இஸ்கண்டார் அருவிய தாண்டுறதுக்குள்ள நாலு தடவை நிறுத்தியாச்சு, மேல போய்ச் சேந்தப்ப அம்மாவால கோயிலுக்குக்கூட போக முடியல, மாமா வீட்டு கட்டில்ல படுத்தவங்கதான். அதுக்கப்புறம்தான் பெரிய காடி எடுக்கலாம்னு முடிவு பண்ணோம்.

முதல் தடவை எடுத்தது பளபளன்னு ஒரு ஆல்ஃபார்ட். வெள்ளை லெதர் சீட்டு, கூரையில டிவி, ஊதாக் கலர்ல லைட்டு, குளுந்த மினரல் தண்ணி பாட்டில், ஈரத்துண்டு, எல்லாம் இருந்துச்சு. மலையடிவாரத்துல இருக்கிற தாப்பா டவுன் தாண்டி சடக்கு ஏற ஆரம்பிச்சதும்தான் விஷயம் புரிஞ்சிச்சு. ஓட்டுன பையன் வளைவு முடிஞ்சதும் ஒரு மிதி, அடுத்த வளைவுக்குள்ள நுழைஞ்சப்புறம் ஒரு பிரேக்கு, திரும்ப ஒரு மிதி, நடுநடுவுல போன்ல மெசேஜ் வேற பாக்குறாரு. ஆல்ஃபார்ட் உசரமான காடி, சஸ்பென்ஷன் மெத்தை மாதிரி, ஹைவேயில சொகம்தான், ஆனா வளைவுல அப்படி ஓட்டுனா தொட்டில் மாதிரி ஆடுது. ஏசியில மாட்டி வச்ச லாவெண்டர் சென்ட் வேற மூக்க அடைக்குது. காலைத் தூக்கி வச்சிக்கிற மாதிரி சீட்டுக்கு முன்னாடி ஒரு பலகை வரும் பாருங்க, சொகமா இருக்கட்டும்னு அதையும் நாங்களே தூக்கி விட்டுட்டோம், கால் தரையில ஊணாததால வளைவுக்கு வளைவு அம்மா சீட்டுல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சறுக்குறாங்க. ரிங்லெட்டுக்கு முன்னாடியே வாந்தி, அந்த வெள்ளை லெதர்லயே. கழுவுற கூலின்னு 200 வெள்ளி (ரிங்கிட்) தனியா வாங்கிட்டாங்க. காசு போனது பெருசில்ல, மன்னிச்சிருப்பான்னு அம்மா அந்தப் பையன்கிட்ட திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருந்தாங்க, அதத்தான் இன்னிக்கு வரைக்கும் என்னால தாங்க முடியல.

அன்னிக்குப் புரிஞ்சதுதான் இந்த ஏழு வருஷமும் உதவுது. மலைக்குப் போற காடிக்கு நாம குடுக்குற காசு லெதருக்கும் டிவிக்கும் இல்ல, டிரைவரோட வலது காலுக்கு. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

இப்ப வர்ற அண்ணனுக்கு அறுபது வயசுகிட்ட இருக்கும், முன்னாடி எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுனவரு. அவரு காடி புதுசும் இல்ல, ரீகான்ல, அதாவது வெளிநாட்டுலேர்ந்து செகண்ட்ஹேண்டா வர்றதுல எடுத்த பழைய மாடல்தான், சீட்டு லெதர் ஓரத்துல லேசா வெடிச்சிருக்கு. ஆனா ஓட்டுறதப் பாக்கணும். வளைவு கண்ணுல பட்டதுமே நேர் சடக்குலயே வேகத்தைக் குறைச்சிடுறாரு, உள்ள நுழையுறப்ப பிரேக்குல கால் இருக்காது, ஒரே சீரா ஸ்டீரிங்க சுத்தி வெளிய வந்தப்புறம்தான் மெதுவா எடுப்பாரு. அம்மா மடியில பிளாஸ்க் மூடியில முக்காவாசி மைலோ, தாப்பாலேர்ந்து ரிங்லெட் வரைக்கும் 45 கிலோமீட்டர் மாதிரி வளைவா வருது, நான் பக்கத்துல உக்காந்து அந்த மூடியத்தான் பாத்துட்டே வந்தேன், மைலோ விளிம்பு வரைக்கும் வந்து வந்து போகுது, ஒரு சொட்டு சேலையில விழல. பின்னாடி வேகமா வர்றவனுக்கு இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டுட்டு, பெலான் பெலான்னு (மெதுவா மெதுவா) தனக்குத்தானே சொல்லிக்குவாரு. சென்ட் கிடையாது, பின் சீட்டுக்கு அடியில ஒரு கொத்து பாண்டான் இலை போட்டு வச்சிருப்பாரு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துவாராம். பழைய டாக்சிக்காரங்க செய்யுற வேலை அது, அம்மாவுக்கு அந்த வாசனை புடிச்சுப் போச்சு. முதல்ல ரெண்டு மூணு பயணம் வரைக்கும் அம்மா கையில பிளாஸ்டிக் பைய சுருட்டிப் புடிச்சிக்கிட்டே வருவாங்க, அப்புறம் அது ஹேண்ட்பேக்குக்குள்ள போச்சு, இப்ப பை எடுத்தாச்சான்னு நான் கேட்டாத்தான் ஞாபகமே வருது.

ஏறுறத விட இறங்குறதுதான் முக்கியம், அதப் பத்தி யாருமே கேக்குறதில்ல. மலையில இறங்குறப்ப பிரேக்கையே மிதிச்சிக்கிட்டு வந்தா பிரேக் பேடும் டிஸ்க்கும் சூடேறி புடிப்பு போய்டும், ரொம்ப சூடானா பிரேக் ஆயில் கொதிச்சு பெடல் பஞ்சு மாதிரி உள்ள போய்டும். அதனாலதான் மலைச் சடக்குல கியரக் குறைங்கன்னு மலாய்ல பெருசா போர்டு வச்சிருக்கான், கியர் ரெண்டான்னு. அண்ணன் ரிங்லெட்லேர்ந்து கிளம்புன உடனே கியர் லிவர இழுத்து விட்டுருவாரு, எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும், அந்த சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. 2013 ஆகஸ்ட் 21 கேஎல் பக்கத்துல இருக்கிற கெந்திங் மலையில பஸ்ஸு பள்ளத்துல விழுந்து 37 பேரு போய்ட்டாங்க, அந்த செய்தி பாத்த யாரும் மறக்க மாட்டோம். இப்ப யாரு புக் பண்றதா இருந்தாலும் நான் சொல்றது ஒண்ணுதான், இறங்குறப்ப எந்த கியர்ல வருவீங்கன்னு டிரைவர்கிட்ட கேளுங்க, ஒழுங்கா பதில் சொல்றவர எடுங்க, சிரிச்சிட்டு மழுப்புறவரு வேணாம்.

காடியப் பத்தியும் சொல்லிடுறேன். நடு வரிசையில தனித்தனியா ரெண்டு பெரிய சீட்டு, வயசானவங்களுக்கு அதுதான் இடம், சாய்க்காம நேரா வச்சு, கால் தரையில ஊணி, டிவிய அணைச்சிட்டு முன்னாடி சடக்கப் பாத்துட்டே வந்தா மயக்கம் ரொம்பக் குறையும். சாய்ச்சு காலைத் தூக்கிப் படுக்குறதெல்லாம் ஹைவேயோட சரி. கதவு சறுக்கித் திறக்குறதால கார் பார்க்குல இடுக்குலயும் ஏறலாம், ஆனா முட்டி மடங்காத அம்மாவுக்கு அந்தப் படி கொஞ்சம் உசரம், அண்ணன் அதுக்குன்னே ஒரு சின்ன மர முக்காலி வச்சிருக்காரு, இறங்கி ஓடி வந்து போடுவாரு, பாத்து அக்கா, வலது கால மொதல்லம்பாரு. பின்னாடி மூணாவது வரிசையில ஆள் உக்காந்தா பெட்டி வைக்க இடமே இருக்காது, இத யாரும் புக் பண்றப்ப சொல்றதில்ல. ஏழு சீட்டுன்னு நம்பி ஏழு பேரு பெட்டியோட போய் நின்னீங்கன்னா மடியிலதான் வச்சிக்கணும். எங்களுக்கு நாலு பேருதான், மூணாவது வரிசைய ரெண்டு பக்கமும் மடக்கிட்டா அம்மாவோட வாக்கர், பெட்டி, வர்றப்ப மாமா குடுத்து விடுற முட்டைக்கோஸ் எல்லாம் அடங்கிடும்.

நேரம்தான் அடுத்த தலைவலி. காலையில 5.30க்கு செந்தூல்ல ஏறுனா ஜாலான் டூத்தா டோல் தாண்டி வடக்க ஜாம் இல்லாம ஓடலாம், தாப்பா ஆர் அண்ட் ஆர்ல (ஹைவே ஓரத்துல வண்டிய நிறுத்தி சாப்புடுற இடம்) பசியாறிட்டு அரை மணி நேரம் காத்தாட நின்னுட்டு மலை ஏறுறோம். வயிறு காலியாவும் இருக்கக் கூடாது, நாசி லெமாக்கு ரெண்டு பொட்டலம் தின்னுட்டும் ஏறக் கூடாது, அம்மாவுக்கு ரெண்டு இட்லி, இஞ்சித் தண்ணி. மலைக்கு இன்னொரு வழியும் இருக்கு, வடக்குப் பக்கம் சிம்பாங் பூலாய் வழியா ஏறுனா சடக்கு அகலம், வளைவு கம்மின்னு சொல்லுவாங்க, உண்மைதான், மேல பிரிஞ்சாங் டவுன்ல ரூம் போட்டவங்களுக்கு அது நல்லது. ஆனா கேஎல்லேர்ந்து சுத்து அதிகம், எங்கள மாதிரி ரிங்லெட் போறவங்க அந்தப் பக்கம் ஏறுனா கீ ஃபார்ம் மார்க்கெட் ஜாம்ல மாட்டி மலைய முழுசா குறுக்க கடக்கணும். ஒரு தடவை ஸ்கூல் லீவு சனிக்கிழமை அப்படிப் போய் கீ ஃபார்ம்கிட்டயே ரெண்டு மணி நேரம் நின்னோம், எந்த ஆல்ஃபார்டா இருந்தாலும் ஜாம்ல நிக்கத்தான் செய்யும். அதுலேர்ந்து வார நாள்தான், செவ்வாய் இல்லாட்டி புதன். மழை மாசத்துல மண்ணு சரியும், அதனால கிளம்புறதுக்கு முந்தின நாள் மாமாவுக்கு போன் போட்டு சடக்கு எப்படின்னு கேட்டுக்குவோம்.

காசு விஷயம். எங்ககிட்ட அண்ணன் ஒரு வழிக்கு 900 வெள்ளி வாங்குறாரு, டோல் சேத்து. முதல்ல எடுத்த இடத்துல 1,200 வாங்குனாங்க. அதிகமாத்தான் தெரியும், ஆனா நம்மள இறக்கி விட்டுட்டு காடி காலியாத்தான் கீழ வரணும், அந்த எண்ணெயும் அந்த நாலு மணி நேரமும் இதுலதான் அடங்குது. ரெண்டு நாள் அங்கயே தங்க வச்சிக்கிட்டா அவருக்கு ரூம் காசு, சாப்பாடு நாம பாத்துக்கணும், ஆனா திரும்புற பயணம் ரொம்பக் குறைச்சலா முடியும். நாங்க மாமா வீட்டுலயே முன் ரூம்ல படுக்க வைக்கிறோம். அவரு நல்லா தூங்கி எழுந்தப்புறம்தான் கீழ இறங்குறது, அதுவும் பகல்லயே. ராத்திரியில பனி மூட்டத்துல இறக்கிக் கூட்டிட்டு வரேன்னு சொல்ற டிரைவர நான் ஒத்துக்கிறதே இல்ல.

நடுவுல ஒரு தடவை விலை மலிவுன்னு வேற ஒருத்தர எடுத்தோம். போட்டோவுல ஆல்ஃபார்ட், வாசல்ல வந்து நின்னது பழைய வேன். அதக்கூட விடுங்க, பாதி வழியில பேச்சுக் குடுத்தப்பதான் தெரிஞ்சது, வாடகைக்கு ஓட்டுற பெர்மிட்டே இல்ல, கெரெத்தா சாப்பு, கள்ள டாக்சி. சொந்த உபயோகத்துக்குன்னு எடுத்த இன்ஷூரன்ஸ் வாடகைக்கு ஆள் ஏத்துனா செல்லாது, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஆஸ்பத்திரி செலவுக்கு யார்கிட்ட போய் நிக்கிறது? போற வழி பூரா அம்மாகிட்ட சொல்லாம நெஞ்சுக்குள்ளயே வச்சிக்கிட்டு வந்தேன். இப்பல்லாம் டிரைவரோட பிஎஸ்வி லைசென்சும் (வாடகைக்கு ஆள் ஏத்தி ஓட்டுற லைசென்ஸ்) காடியோட பெர்மிட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுவேன், அதப் பாத்தப்புறம்தான் டெபாசிட். நேர்மையான ஆளு இதுக்குக் கோவப்பட மாட்டாரு, எங்க அண்ணன் கேக்குறதுக்கு முன்னாடியே அனுப்பி வச்சாரு.

அவர்கிட்டயும் குறை இல்லாம இல்ல. ஒரே காடிதான், அது கெட்டா வேற ஆளும் இல்ல. 2022ல தாப்பா ஆர் அண்ட் ஆர்ல நிக்கிறப்ப இடது பக்கக் கதவு மோட்டார் மக்கர் பண்ணி, மூடுறதும் திறக்குறதுமா ஆடிக்கிட்டே இருந்துச்சு, கடைசியில முன்னாடி இருக்கிற பவர் கதவு சுவிட்ச அணைச்சிட்டு கையால தள்ளித்தான் மூடுனாரு, ஒரு மணி நேரம் வெயில்ல போச்சு. சீனப் பெருநாளுக்கு புக்கிங்கே எடுக்க மாட்டாரு. கெந்திங்குக்கும் அவரத்தான் ரெண்டு தடவை கூப்புட்டோம், ஆனா கெந்திங் கேஎல்லேர்ந்து அம்பது அம்பத்தஞ்சு கிலோமீட்டர்தான், சடக்கும் அகலம், நடக்க முடிஞ்சவங்க பஸ்ஸுல அவானா வரைக்கும் போய் அங்கேர்ந்து கேபிள் கார் ஏறிக்கலாம், அதுக்கு இவ்ளோ செலவு வேணாம்னு நெனைக்கிறேன். அம்மா மாதிரி ஆளுங்க கூட இருந்தா மட்டும் யோசிங்க, ஏன்னா மேலேர்ந்து ராத்திரியில கீழ வர காடி கிடைக்கிறதுதான் கஷ்டம்.

எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) சமயத்துல ஒண்ணரை வருஷத்துக்கு மேல அம்மாவும் மாமாவும் போன்லதான் பாத்துக்கிட்டாங்க. 2021 அக்டோபர் 11 மாநிலம் தாண்டலாம்னு விட்டாங்க, அதுக்கு அடுத்த வாரமே கிளம்பிட்டோம். அண்ணனுக்கு அந்த ஒண்ணரை வருஷமும் இந்தத் தொழில் இல்ல, காய்கறி டெலிவரி பண்ணி ஓட்டியிருக்காரு, ஆல்ஃபார்ட விக்காம எப்படியோ காப்பாத்தி வச்சிருந்தாரு. லாத்தா இஸ்கண்டார்ல நிறுத்தச் சொல்லி அம்மா தானே இறங்கி, பூர்வக்குடிக்காரங்க கடையில ரெண்டு கட்டு பெத்தாய் (ஒரு வகை காட்டு அவரை) வாங்குனாங்க, ஒண்ணு தம்பிக்கு, ஒண்ணு அண்ணன் வீட்டுக்கு. மைவியில போன அன்னிக்கு அதே இடத்துல சடக்கோரமா தலையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தவங்க.

அடுத்த பயணம் வர்ற மாசம், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு. இந்தத் தடவை பீடோர்ல நிறுத்தி மாமாவுக்கு கொய்யாப்பழம் வாங்கணும்னு அம்மா இப்பவே சொல்லி வச்சாச்சு. அண்ணனும் நேத்தே வாய்ஸ் அனுப்பிட்டாரு: "அக்காவ 5.30க்கு ரெடியா இருக்கச் சொல்லுங்கம்மா, முக்காலி காடியிலதான் இருக்கு."