மிளகு வைக்கப் போகிறீர்களா? கொடியா, புதரா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே தாய்க்கொடியிலிருந்து ஒரே காலையில் இரண்டு துண்டுகள் வெட்டி, அடுத்தடுத்த தொட்டிகளில் ஊன்றினேன். இரண்டுக்கும் ஒரே மண்கலவை, ஒரே நிழல், ஒரே தண்ணீர். ஒன்று பத்தாம் மாதம் சரம், அதாவது பூவும் காயும் வரிசையாகப் பிடிக்கும் தொங்கல், விட்டது. இப்போது நான்காம் ஆண்டு நடக்கிறது. இன்னும் இடுப்புயரம் வரவில்லை, ஆனால் சரமே இல்லாமல் அது நின்ற மாதங்கள் குறைவு. மற்றது ஓராண்டுக்குள் ஊன்றிய கம்பின் உச்சியைத் தொட்டுவிட்டு, அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டரை ஆண்டு வரை அதில் ஒரு பூ இல்லை.

இரண்டும் ஒரே செடியின் பிள்ளைகள். கத்தி எந்தக் கிளையில் இறங்கியது என்பது மட்டும்தான் வேறு. மிளகு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ரகத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, கையிலிருக்கும் கன்று எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது.

கணுவைப் பார்த்தால் தெரிந்துவிடும்

மிளகுக் கொடியில் தண்டுகள் ஒரே மாதிரி வளர்வதில்லை. மரத்தைப் பிடித்து மேலே போகும் ஏறுதண்டில் ஒவ்வொரு கணுவிலும் கட்டையான பற்றுவேர்கள் கொத்தாக இருக்கும். அடிப்பகுதியில் முளைத்துத் தரையோடு ஓடும் ஓடுகொடியும் இதே இனம்தான். தொட்ட இடத்தில் வேர்விடும். மூன்றாவது, ஏறுதண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் பக்கக்கிளை. இதில் பற்றுவேர் இருக்காது. கணுவுக்குக் கணு லேசாகத் திசைமாறி, வளைந்து வளைந்து போகும். இலைக்கு நேர் எதிரே சரம் தொங்குவது இந்தக் கிளையில் மட்டும்தான்.

துண்டு தன் பிறப்பை மறப்பதில்லை. ஓடுகொடித் துண்டு வேர்பிடித்தால் ஏற இடம் தேடும். ஏறிய பிறகுதான் பக்கக்கிளை, அதன்பிறகுதான் பூ. பக்கக்கிளைத் துண்டு வேர்பிடித்தால் ஏறவே ஏறாது. கிளைத்துக் கிளைத்துப் புதராகும், அந்தக் கிளைகளிலேயே காய்க்கும். புதர் மிளகு என்று தனியாக ஒரு ரகம் கிடையாது. எந்த ரகத்தையும் புதராக்கலாம்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் இழந்தது இரண்டு ஆண்டு. புதர் மிளகு என்று சொல்லி ஒரு நாற்றங்காலில் விற்ற கன்றை வாங்கிவந்து, நுனியைக் கிள்ளினேன், உரம் வைத்தேன், இடம் மாற்றினேன். அது ஓடுகொடிக் கன்று. கிள்ளக் கிள்ள இன்னும் இரண்டு ஏறுதண்டு வந்ததே தவிர, பூ வரவில்லை. அதனால் சொல்கிறேன்: வாங்கும்போது மண்ணுக்கு மேலே உள்ள புதுத்தளிரைத் திருப்பிப் பாருங்கள். கணுக்களில் பற்றுவேர் அரும்பியிருந்தால் அது கொடிக்கன்று. கணுக்கள் மொழுமொழுவென்று இருந்து, கன்று சாண் உயரத்திலேயே பக்கங்களில் பிரிந்திருந்தால் புதர். ஒரே ஒரு சரம் தொங்கினாலும் சந்தேகமே வேண்டாம்.

விதையையும் சிலர் கேட்கிறார்கள். சமையலறையில் இருக்கும் மிளகு முளைக்காது. அது பழுக்கும் முன்பே பறித்துக் காயவைத்தது. சிவக்கப் பழுத்த கனியின் சதையைக் கழுவி, நிழலில் ஆற்றி, உடனே விதைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து முளை காணலாம். ஆனால் அந்த நாற்றும் முதலில் கொடியாகத்தான் போகும், காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும், தாயின் குணம் அப்படியே வரும் என்ற உறுதியும் இல்லை. குழந்தைகளுக்கு முளைப்பதைக் காட்ட வேண்டுமானால் நல்லது. மிளகு பறிக்க இந்த வழி வேண்டாம்.

கொடி கேட்பது

கொடிக்கு ஓர் ஆதாரம் வேண்டும், அதுவும் சொரசொரப்பான, ஈரம் தங்கும் ஆதாரம். வழுவழுப்பான குழாயில் பற்றுவேர் நிற்காது. மூங்கில் மழையில் மக்கி, கொடி நன்றாகக் காய்க்கத் தொடங்கும் ஆண்டில் முறியும். தென்னை, பலா, கல்யாண முருங்கை போன்ற உயிர்மரம் இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. மரத்தடியிலிருந்து ஓரடி தள்ளி, பிற்பகல் வெயில் விழாத பக்கமாகக் குழி எடுத்து நட்டு, ஒவ்வொரு கணுவும் பட்டையைத் தொடும்படி தளர்வாகக் கட்டிக்கொண்டே வரவேண்டும். தொடாத கணு வேர்விடாது. வேர்விட்டுப் பற்றாத தண்டு பக்கக்கிளை எடுக்கத் தயங்கும். தொட்டிக் கொடியில் நான் கண்ட பெரிய குறை இதுதான்: தேங்காய்நார் சுற்றிய கம்பு காய்ந்துபோனால் பற்று விட்டுவிடுகிறது. அந்த நாரைத் தினமும் நனைக்கும் பொறுமை எனக்கு ஆறு மாதம்தான் இருந்தது.

பொறுமை உள்ளவருக்குக் கொடி நிறையக் கொடுக்கும். நட்டு மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கி, ஏழெட்டு ஆண்டில் முழுப் பலத்துக்கு வரும். நன்றாகப் பராமரித்தால் இருபது ஆண்டும் தாண்டி நிற்கும். எந்தத் தொட்டிப் புதரும் அந்த விளைச்சலுக்குப் பக்கத்தில் வராது. பச்சை மிளகு காய்ந்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஒரு கிலோ பறித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 330 கிராம். வீட்டுக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய மிளகைத் தானே விளைவிக்க நினைப்பவர் மண்ணும் மரமும் வைத்திருந்தால், யோசிக்காமல் கொடியை ஏற்றலாம்.

புதர் கேட்பது

புதருக்கு ஓரடி அகலத் தொட்டி, சல்லடை நிழல், வடிகால். அவ்வளவு போதும். குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடங்களில் இது தனி வரம்: தொட்டியைத் தூக்கி உள்ளே ஜன்னலோரம் வைத்துவிடலாம். மரத்தில் ஏறிய கொடியை எங்கே தூக்குவது?

ஆனால் கன்றை நாமே உருவாக்குவதில் புதர் கொஞ்சம் அடம்பிடிக்கும். ஓடுகொடித் துண்டு ஈரமண்ணில் போட்டாலே வேர்விடும். பக்கக்கிளைத் துண்டு அப்படியில்லை. என் முதல் பத்துத் துண்டுகளும் அடிக்கணு கறுத்துச் செத்தன. தினமும் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். பிறகு கற்றுக்கொண்டது இது: ஓராண்டு வயதான, பச்சை மங்கி அடியில் லேசாகப் பழுப்பேறிய கிளையில் மூன்று முதல் ஐந்து கணு உள்ள துண்டாக வெட்ட வேண்டும். நுனியில் ஓர் இலையை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். வெட்டிய முனையை ஐபிஏ வேர்த்தூண்டிக் கரைசலில் முக்கால் நிமிடம் முக்கி, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமான தென்னைநார்க்கழிவில் ஊன்றி, மேலே உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்ட வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் ஐபிஏ என்பது கரைசலின் அளவு. பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் அரும்பியிருந்தால் உள்ளே ஈரம் சரி, தொட வேண்டாம். ஐந்தாம் வாரம் வாக்கில் மெல்ல அசைத்துப் பார்த்தபோது துண்டு அசையவில்லை. ஓரத்து நாரை விலக்கினால், அரிசிமுனை போல வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. அன்று மீதித் துண்டுகளையும் அசைத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. பார்க்காமல் மூடியதால்தான் அவையும் பிழைத்தன.

வேர்பிடித்த பிறகு மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சமமாகக் கலந்த தொட்டிக்கு மாற்றலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் கடலைப்பிண்ணாக்கும் போடுகிறேன். சாம்பல்சத்து குறைந்தால் சரம் குட்டையாகிறது, அதையும் மறக்க வேண்டாம். எப்போதாவது புதரின் அடியிலிருந்து பற்றுவேரோடு ஒரு தண்டு விறுவிறுவென்று கிளம்பும். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைக்காதீர்கள். செடியின் பலத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும், அடியோடு வெட்டிவிடுங்கள்.

பூ வந்தும் காய் பிடிக்காத மர்மம்

கூரைக்கு அடியில் தொட்டி வைத்திருக்கும் பலர் சொல்லும் குறை: சரம் வருகிறது, ஆனால் பல் விழுந்த சீப்பு மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காய். என் புதரும் முதல் ஆண்டு அப்படித்தான். மிளகுப்பூ கடுகைவிடச் சின்னது. பயிராகும் ரகங்களில் பெரும்பாலும் ஆண், பெண் உறுப்புகள் ஒரே பூவில் இருக்கும். ஆனால் சூல்முடி முதலில் தயாராகும், மகரந்தம் பிறகுதான் வெடிக்கும். மேலேயுள்ள பூவின் மகரந்தம் கீழே இறங்க உதவுவது தண்ணீர். சரத்தின் மேல் வழியும் மழைத்துளி அந்த வேலையைச் செய்துவிடும்.

மரத்தில் ஏறிய கொடிக்கு வானம் இதைப் பார்த்துக்கொள்கிறது. கூரைக்கடியில் இருக்கும் புதருக்கு நாம்தான் தூறல். சரம் வெளிர்பச்சையாக நீண்டு, மேலே வெண்புள்ளிகள் தெரியத் தொடங்கியதும் காலையில் தெளிப்பானால் மேலிருந்து கீழாக நனைப்பேன், துளி சரத்தின் நுனிவரை ஓடிச் சொட்டும் அளவுக்கு. இரண்டாம் ஆண்டிலிருந்து சரங்கள் இடைவெளி இல்லாமல் நிறைந்தன. ஒரே ஒரு தெளிப்பான் செய்த வேலை இது.

ரகத்தின் பேச்சும் இங்கேதான் வருகிறது. பன்னியூர் 1, உதிரங்கோட்டா, செறியகணியக்காடன் என்ற இரண்டு ரகங்களை இணைத்து உருவாக்கிய கலப்பினம். நீண்ட சரம், பருத்த மணி. ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும், அடர்நிழலில் சோர்ந்துவிடும். கரிமுண்டா நிழலைத் தாங்கும்; சரம் குட்டைதான், ஆனாலும் ஏமாற்றாது. மரநிழல் கனமாக விழும் இடத்தில் கரிமுண்டாவையும், நல்ல வெளிச்சம் உள்ள மாடத்தில் பன்னியூரையும் வைப்பேன்.

வாடல் நோய்: இங்கே மூன்றாவது ஆள் வருகிறார்

மிளகைக் கொல்வதில் முதலிடம் வாடல் நோயைத் தரும் ஃபைட்டாப்தோரா கேப்சிசி என்ற கிருமிக்கு. மண்ணில் தேங்கும் நீரில் பெருகி, மழைத்துளி தெறிக்கும்போது இலைக்கு ஏறும். இலையில் கருநிறப் புள்ளி நார்நாராகப் பரவும். அடித்தண்டு கறுத்தால் சில வாரங்களில் முழுச்செடியும் போய்விடும். கொடியில் ஆபத்து தரையில் புரளும் ஓடுகொடிகள் வழியாக வரும். அவற்றைச் சுருட்டிக் கட்டுங்கள், இல்லையென்றால் வெட்டுங்கள். புதரில் ஆபத்து மண்ணை உரசும் கீழ்க்கிளைகளில். ஒரு சாண் உயரம் வரை அடியை வெறுமையாக வைத்திருப்பது அவசியம்.

மழைக்காலத்துக்கு முன் 1 சதவீத போர்டோ கலவை தெளிக்கிறேன்: 10 கிராம் மயில்துத்தம் அரை லிட்டரில், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு அரை லிட்டரில், துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கி அன்றே தீர்க்க வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரம்தான் சரி. நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைகோடெர்மாவை மண்ணுக்கு விடுகிறவர்கள் இதனோடு சேர்க்கக் கூடாது. மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் அந்தப் பூஞ்சையையும் கொன்றுவிடும்.

வடிகால் கெட்ட இடமென்றால் கொடி, புதர் இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒட்டுக்கன்றும் உண்டு. தென்அமெரிக்காவின் ஈரநிலங்களைச் சேர்ந்த பைப்பர் கொலுப்ரினம் என்ற உறவுச்செடியின் வேரில் மிளகை ஒட்டுகிறார்கள். பிரேசில் திப்பிலி என்று சொன்னால் நாற்றங்காலில் புரியும். அதன் வேரை வாடல் நோய் அசைக்காது, நீர் தேங்கினாலும் தாங்கும். ஆனால் வறட்சி ஆகாது. ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் துவண்டு கிடக்கும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை ஓயாமல் கிள்ள வேண்டும். சில ஆண்டுகள் கழித்து ஒட்டுப் பகுதியிலேயே பிணக்கு வந்து செடி நலிவதும் உண்டு. தண்ணீர் வடியும் தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த வேலையும் செலவும் தேவையில்லை என்பது என் கருத்து. எப்போதும் சொதசொதவென்று இருக்கும் மூலைக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

பறிக்கும் நாள்

பூவிலிருந்து பறிப்பு வரை ஆறு முதல் எட்டு மாதம். ஒரு சரத்தில் ஓரிரு மணி சிவந்தால் அந்தச் சரம் தயார். புதரில் தினமும் காலையில் குனிந்து பார்த்து, தயாரானதை மட்டும் கிள்ளலாம். கொடிக்கு ஏணி வேண்டும், ஒரே நாளில் மொத்தமாகப் பறிக்க நேரும். பறித்ததைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து வெயிலில் பரப்பினால், நிறம் ஒரே சீராகக் கறுத்து, மூன்று முதல் ஐந்து நாளில் காயும். முழுக்கப் பழுத்ததை ஒரு வாரம் நீரில் ஊறவைத்துத் தோலைக் கசக்கி எடுத்தால் வெண்மிளகு.

மண்தரை இல்லாத வீட்டில் யார் கேட்டாலும் புதர் என்றுதான் சொல்கிறேன், தயக்கமே இல்லாமல். தொட்டியில் கொடி வைப்பது அந்தக் கொடிக்கு நாம் செய்யும் அநியாயம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. காற்றில் ஆடிக்கொண்டிருந்த அந்த இரண்டாவது துண்டைப் போன மழைக்கு முன் தொட்டியோடு கொண்டுபோய், நண்பர் ஒருவரின் பலாமரத்தடியில் நட்டேன். இப்போது ஆளுயரம் தாண்டிப் பட்டையோடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு மட்டத்தில் நான்கு பக்கக்கிளைகள் நீண்டிருக்கின்றன. அடுத்த ஆண்டு அவற்றின் அடி பழுப்பேறியதும், என் அடுத்த புதர்களுக்கான துண்டுகளை அங்கேதான் வெட்டப் போகிறேன்.