ரம்சியா, எடிங்டனா? கேம்பிரிட்ஜில் வீடு தேடுபவர்களுக்கு

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வீடு வாங்கலாம் என்று பேச்சு வந்த அன்றே எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. எனக்கு ரம்சி. மனைவிக்கு எடிங்டன். ஒரு வருடம் இரண்டு பேட்டைகளிலும் ஏறி இறங்கி, நடுவில் ஒரு தடவை பணமும் இழந்து, இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இதே குழப்பத்தில் இருக்கும் நாலு பேருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மில் ரோட்டில் நடந்து ரயில் பாலத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ரம்சி டவுன். 1845இல் கேம்பிரிட்ஜுக்கு ரயில் வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ரயில்வே ஊழியர்களும் மற்ற தொழிலாளர்களும் குடியேறி, தண்டவாளத்துக்குக் கிழக்கே தெருத்தெருவாக இந்தப் பேட்டை எழுந்தது. அவர்களுடைய இடதுசாரி அரசியலால் ‘லிட்டில் ரஷ்யா’ என்ற பட்டப்பெயர்கூட உண்டு.

எடிங்டன் ஊரின் எதிர்க்கோடியில், மேடிங்லி ரோட்டுக்கும் ஹன்டிங்டன் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பல்கலைக்கழகம் தன் சொந்த நிலத்தில் புதிதாக எழுப்பும் குடியிருப்பு. 2017இல் ஆட்கள் குடிவரத் தொடங்கினார்கள். முதலில் போட்ட திட்டம் மொத்தம் 3,000 வீடுகள். பாதி பல்கலைக்கழக ஊழியர்களுக்குச் சலுகை வாடகையில், மீதி வெளியாட்களுக்கு விற்பனைக்கு. பெயர் வானியலாளர் ஆர்தர் எடிங்டனுடையது. 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் நம் வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் கணக்கை எல்லோர் முன்னாலும் எள்ளி ஒதுக்கியவர் அவர்தான். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசே கிடைத்துவிட்டது, ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போது எனக்கு மனம் கொஞ்சம் சுருங்கும். சரி, வீடு வாங்க அது ஒரு காரணமாகாது.

டெரஸ் வீடு என்றதும் ஊரில் மொட்டைமாடி நினைவுக்கு வரும். இங்கே அது, ஒரே சுவரை இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொண்டு தெரு நெடுக நிற்கும் வரிசை வீடு. கும்பகோணத்தில் பழைய தெரு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். வாசலில் நுழைந்தால் நேராகக் கொல்லை வரை ஓடும் அதே அமைப்பு, திண்ணை மட்டும் இல்லை. ரம்சியில் பல வீடுகளின் கதவு நடைபாதை மீதே திறக்கும். முன்னறை, பின்னறை, இரண்டுக்கும் நடுவில் ஏணி போலச் செங்குத்தான படிக்கட்டு, கடைசியில் அடுப்பங்கரை, அதற்கும் பின்னால் குளியலறை. இரவில் மேலே படுத்திருப்பவர் கழிப்பறைக்குப் போக அடுப்பங்கரையைக் கடந்துதான் போகவேண்டும். வயதான அப்பா அம்மாவை அழைத்துவந்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இந்தப் படிக்கட்டையும் குளியலறையையும் முதலில் பாருங்கள்.

நாங்கள் நான்கு வருடமாக அப்படி ஒரு வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டாவது வருடம் ஜனவரியில் ஒரு கல்யாண வரவேற்புக்காக மனைவி பட்டுப்புடவைப் பெட்டியை அலமாரியிலிருந்து இழுத்தபோது அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் நொசநொசவென்று கையோடு வந்தது. அரக்குப் புடவையின் மடிப்பு முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள். அலமாரியை நகர்த்திப் பார்த்தால் தெருப்பக்கச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூசணம். அவள் அன்றைக்கே எடிங்டன் கட்சியில் சேர்ந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. இந்த வீடுகளின் சுவர் ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல். பின்னால் வந்த வீடுகளைப் போல இரண்டு அடுக்குச் சுவரும் நடுவில் இடைவெளியும் கிடையாது. குளிர் நேரே உள்ளே இறங்கும். நாம் சோறு வடிக்கிற ஆவி, ரசம் கொதிக்கிற ஆவி, உள்ளே காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் அந்தக் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். அந்தக் காலத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டினார்கள். அது ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். பிற்பாடு யாரோ செங்கல் இடுக்குகளில் சிமெண்டை அடைத்துப் பூசியிருந்தார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே ஓதமாக நின்றுவிட்டது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, அடுப்புக்கு மேலே வெளியே காற்று தள்ளும் மின்விசிறி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு வீட்டுக்காரர் மனம் வைக்கவேண்டும்.

எடிங்டனில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வாடகைக்கு இருக்கும் நண்பர் வீட்டுக்கு அதே ஜனவரியில் போனோம். ஹீட்டர் ஓடவில்லை, குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேட்டை முழுவதற்கும் ஒரே மையத்திலிருந்து குழாயில் வெந்நீர் வருகிறது. தண்ணீருக்கு இரண்டு இணைப்பு: ஒன்று குடிக்கவும் சமைக்கவும், மற்றொன்று மழைநீரைப் பேட்டைக்குள்ளேயே குளங்களில் தேக்கிச் சுத்தம் செய்து கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் தருவது. கேம்பிரிட்ஜ் வட்டாரம் இங்கிலாந்திலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. இங்கே புது வீடு கட்டுவதற்கே தண்ணீர்தான் பெரிய முட்டுக்கட்டை. அதனால் இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். குப்பைத் தொட்டிகளும் தரைக்கு அடியில். வெளியே ஒரு வாய் மட்டும் தெரியும். ரம்சியிலோ கறுப்பு, நீலம், பச்சை என்று மூன்று சக்கரத் தொட்டிகளைப் பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட இடுக்கு வழியாக உருட்டி வரவேண்டும்.

இவ்வளவும் கேட்டால் எடிங்டனே போதுமே என்று தோன்றும். எனக்கும் சில வாரம் தோன்றியது. யோசிக்க வைத்தது வருடாந்தரக் கட்டணம். இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்கினால் பெரும்பாலும் அது லீஸ்ஹோல்டு. நிலம் வேறொருவருடையது, நமக்கு நீண்ட காலக் குத்தகை. 2022 ஜூன் 30 முதல் எழுதிய புதுக் குத்தகைகளுக்குப் பொதுவாக நில வாடகை வாங்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, நல்லது. ஆனால் பராமரிப்புக் கட்டணம் அப்படியே இருக்கிறது, வருடா வருடம் ஏறலாம். புதுக் குடியிருப்புகளில் தனி வீடு வாங்கினால்கூடப் பூங்காவுக்கும் சாலைக்கும் தனியாகக் கட்டணம் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பொது வெந்நீர் என்றால் விலை பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்கு மாறவும் முடியாது. இதில் எதுவும் மோசடி இல்லை, எல்லாம் பத்திரத்திலேயே இருக்கும். வாங்கும் முன் கடைசி மூன்று வருடக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ரம்சி வரிசை வீடு பெரும்பாலும் ஃப்ரீஹோல்டு, அதாவது நிலமும் வீடும் நமக்கே. கூரை ஒழுகினால் செலவு நம்முடையது, முடிவும் நம்முடையது. பரணை அறையாக மாற்றும்போது பொதுச்சுவரில் கை வைப்பதாக இருந்தால் 1996ஆம் வருடத்துப் பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்லவேண்டும். பேட்டையின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் முகப்பை இஷ்டப்படி மாற்ற முடியாது. இந்த இரண்டுக்கும் நான் முழுமனதோடு உடன்படுகிறேன்.

வரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். 2025 ஏப்ரல் முதல் உள்ள கணக்கு இது. முதல் வீடு வாங்குபவருக்கு 3 லட்சம் பவுண்டு வரை ஸ்டாம்ப் டியூட்டி இல்லை, அதற்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம். ஆக 5 லட்சம் பவுண்டு வீட்டுக்கு வரி 10,000. விலை ஒரு பவுண்டு கூடினால் சலுகையே போய்விடும், வரி 15,000. அதைவிட முக்கியம், ‘முதல் வீடு’ என்றால் உலகத்தில் எங்கேயும் முதல் வீடு. தாம்பரத்தில் உங்கள் பெயரில் ஒரு ஃபிளாட் இருந்தால் நீங்கள் முதல்முறை வாங்குபவர் அல்ல. அந்த ஃபிளாட்டின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், இங்கே வாங்குவது இரண்டாவது வீடாகக் கணக்காகி 5 சதவீதம் கூடுதல் வரியும் சேரும். அதே 5 லட்சம் வீட்டுக்கு அப்போது வரி 40,000 பவுண்டு. கணவன் மனைவி இருவரில் ஒருவர் பெயரில் இருந்தாலும் இதே கதைதான். வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே சொலிசிட்டரிடம் (பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) இதைச் சொல்லிவிடுங்கள்.

பணம் இழந்த கதை சுருக்கமாக. ரம்சியில் ஒரு வீடு பிடித்து, விலை பேசி, விற்பவரும் சம்மதித்தார். வீட்டின் நிலையை நிபுணரை வைத்துச் சோதிக்கும் முழு சர்வே எடுத்தோம், சொலிசிட்டர் வேலையும் ஓடியது. பத்தாவது வாரம் வேறொருவர் அதிகம் தருகிறார் என்று அவர் கைவிட்டுவிட்டார். கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை இங்கே யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரில்லை. அன்றைக்குத்தான் வழக்கமாகப் பத்து சதவீத முன்பணம் கை மாறும். ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் போயிற்று. புதுக் கட்டுமானத்தில் இந்த ஆபத்து குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியும் ரம்சி ஏன்? தெருதான் காரணம். மில் ரோட்டில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், கொரியன் மளிகை, சைக்கிள் பழுதுபார்ப்பவர், தையல்காரர் எல்லாம் நடந்து போகிற தூரம். 2019இல் திறந்த மத்திய மசூதியின் மரத்தூண்கள் மேலே போய்க் கிளை விரித்துப் பின்னிக்கொள்ளும். தோப்புக்குள் நிற்பது போல இருக்கும். அதை வடிவமைத்த மார்க்ஸ் பார்ஃபீல்டு நிறுவனம்தான் எடிங்டனின் வட்ட வடிவத் தொடக்கப்பள்ளியையும் வடிவமைத்தது. இரண்டுமே அழகு. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மில் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் குளிர்காலத் திருவிழா நடத்துவார்கள். குறுகலான குறுக்குத்தெருக்களில் கார்கள் பாதி நடைபாதையை அடைத்து நிற்பது மட்டும் எனக்குக் கோபம் தரும், குழந்தை வண்டியோடு ரோட்டில் இறங்கவேண்டியிருக்கிறது.

எடிங்டனில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, சமூகக் கூடம் இருக்கிறது, ஊழியர்களை ஊருக்கும் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனைக்கும் கொண்டுபோகும் பஸ் இருக்கிறது. ஆனால் அங்கே வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு இரண்டு மூன்று வருட ஆராய்ச்சி வேலை. நண்பரின் மகள் மூன்று வருடத்தில் மூன்று உயிர்த்தோழிகளை வழியனுப்பிவிட்டாள். “அங்கிள், உங்க தெருவுல யாரும் போகமாட்டாங்களா?” என்று அவள் கேட்டது என் மனைவியின் காதிலும் விழுந்தது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த வீட்டிலேயே பிறந்தவர். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் பொதுச்சுவரைத் தட்டுவார்; அன்றைக்குச் சாம்பார் என்று அவருக்குத் தெரியும், ஒரு கிண்ணம் போகும்.

ஐந்து வருடத்துக்குள் ஊர் மாறப்போகிறவர்களும் குளிர் தாங்காத பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்களும் எடிங்டன் பக்கம் பாருங்கள். எங்கள் நிலைமை வேறு. போன மாதம் இதே தெருவில் ஒரு வீட்டை 4 லட்சத்து 92 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கக் கேட்டிருக்கிறோம். சர்வேக்கு முன்னால் மனைவியே போய், அனுமதி கேட்டு, தெருப்பக்க அலமாரியை நகர்த்தச் சொல்லி, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. வெளியே வந்து செங்கல் இடுக்கைச் சாவியால் சுரண்டினாள்; வெள்ளையாகச் சுண்ணாம்பு உதிர்ந்தது.