ஆன்லைன் சர்வேயில் உண்மையிலேயே காசு வருமா? நான் வைத்திருக்கும் ஆப்பும் அழித்த தளமும்

"வீட்டிலிருந்தபடியே சர்வே முடித்து மாதம் இருபதாயிரம்" என்று யூடியூபில் வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதெல்லாம் நிஜமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கல்லூரிப் பசங்க கேட்கிறார்கள், கைக்குழந்தையோடு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் கேட்கிறார்கள், சொந்தத்தில் ஒரு சித்திகூடக் கேட்டார். நேராகவே சொல்லிவிடுகிறேன்: காசு வரும், அது பொய் இல்லை. ஆனால் மொபைல் ரீசார்ஜுக்குக் காணும் அளவுக்குத்தான் வரும். அதை வருமானமாக நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

என் போனில் இன்னும் அழிக்காமல் இருக்கும் ஒரே சர்வே ஆப் கூகுள் ஒபினியன் ரிவார்ட்ஸ்தான். 2013-ல் அமெரிக்காவில் தொடங்கி அப்புறம் இந்தியாவுக்கும் வந்தது. நாமாகத் தேடிப் போய் எதுவும் செய்ய வேண்டாம், சர்வே வந்தால் நோட்டிஃபிகேஷன் வரும், திறந்தால் நாலைந்து கேள்வி, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் நாம் போய்வந்த இடத்தைப் பற்றித்தான் இருக்கும். ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் வீடு திரும்பினால் கொஞ்ச நேரத்தில் "சமீபத்தில் இவற்றில் எங்கே சென்றீர்கள்?" என்று நாலைந்து கடைப் பெயரோடு கேட்கும், சரியானதைத் தொட்டால் பணமாகக் கொடுத்தீர்களா, கார்டா, யுபிஐயா என்று கேட்கும், சில சமயம் பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும். சில ரூபாயில் தொடங்கி பத்து, பதினைந்து வரை வரும், அபூர்வமாக அதற்கு மேலும் வரும். பில் கேட்கும் சர்வேக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, ஆண்ட்ராய்டில் வருவது கூகுள் பிளே கிரெடிட். பேங்க் அக்கவுண்ட்டுக்கு மாற்ற முடியாது. ஆப், கேம், மின்னூல் வாங்கலாம், படம், ஃபைல் எல்லாம் ஆன்லைனில் சேமித்து வைக்க உதவும் கூகுள் ஒன் 100 ஜிபி சந்தாவுக்கு மாதம் 130 ரூபாயை இதில் கழித்துக்கொள்ளலாம். எப்படியும் கைக்காசு போட்டு வாங்கப்போவதை இதில் வாங்கினால் அது உண்மையான மிச்சம், பிளே ஸ்டோரில் எதுவுமே வாங்காதவருக்கு இது வெறும் எண். கிரெடிட்டுக்கு ஒரு வருடம்தான் ஆயுள், அதற்குள் செலவழிக்காவிட்டால் போய்விடும். இரண்டாவது, லொகேஷனை ஆன் செய்து வைத்தால்தான் கடை சம்பந்தமான சர்வே அதிகமாக வரும், அதாவது நாம் எங்கெல்லாம் போகிறோம் என்ற விவரத்துக்குத்தான் இந்தக் காசு. எனக்கு அதில் சம்மதம், எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்றில்லை. பிடிக்காதவர்கள் லொகேஷனை அணைத்து வைத்தால் சர்வே குறையும், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிப் பதில் போடுங்கள் என்பதை இங்கே அழுத்தமாகவே சொல்கிறேன். போகாத கடைக்குப் போனதாகத் தொட்டால் இன்னும் நாலு கேள்வி வரும், நாலு ரூபாய் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லாத ஒரு கடையின் பெயரைக் கலந்து வைத்து நாம் அதைத் தொடுகிறோமா என்று பார்க்கும் வழக்கம் சர்வே துறையில் பழையது. "இந்த வரிசையில் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதைத் தேர்வு செய்யவும்" என்று நடுவில் ஒரு வரி வருவதும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுபவரைக் கண்டுபிடிக்கத்தான். ஒரு முறை நம்பிக்கை போய்விட்டால் சர்வே வருவது குறைந்துவிடும்.

அடுத்து பெரிய சர்வே தளங்கள். பெயர் வேண்டாம், நான் சேர்ந்திருந்தது ஒரு வெளிநாட்டுத் தளம். சேர்ந்த உடனே நம்மைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், அது முடிந்து சர்வேக்குள் போனால் அதே கேள்விகள் மறுபடி ஒவ்வொரு முறையும் வரும். வயது, ஊர், குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவர் எதுவரை படித்தார், வீட்டில் எந்தெந்தப் பொருள் இருக்கிறது. மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, விவசாய நிலம் என்று பதினொன்று. எதற்கு விவசாய நிலத்தையும் ஏசியையும் ஒரே பட்டியலில் கேட்கிறார்கள் என்று தோன்றும். இந்தியாவில் சந்தை ஆய்வு நிறுவனங்கள் 2011-ல் கொண்டுவந்த வகைப்பாடு அது, அந்தப் படிப்பையும் இந்தப் பொருள்களின் எண்ணிக்கையையும் சேர்த்து வைத்து ஏ1 முதல் இ3 வரை பன்னிரண்டு படிகளில் நம் வீட்டை ஒன்றில் வைப்பார்கள். ஒரு சோப்புக் கம்பெனிக்குக் குறிப்பிட்ட படியில், குறிப்பிட்ட வயதில், இத்தனை பெண்கள் வேண்டும் என்று கணக்கு இருக்கும், அந்தக் கணக்கு நிரம்பியதும் மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் வீட்டில் யாராவது விளம்பரத் துறையிலோ மார்க்கெட் ரிசர்ச்சிலோ வேலை பார்த்தால் முதல் கேள்வியிலேயே வெளியே.

இது வரைக்கும் நியாயம்தான், யாருடைய கருத்து வேண்டும் என்பது காசு கொடுப்பவர் உரிமை. எனக்குக் கோபம் வருவது அவர்கள் வெளியே அனுப்பும் நேரத்தில்தான். முதல் ஐந்து கேள்வியில் சொன்னால் சரி என்று போய்விடலாம். ஷாம்பூ விளம்பரம் முழுவதையும் பார்க்க வைத்து, அதைப் பற்றி இருபது கேள்வி கேட்டு, எவ்வளவு முடிந்தது என்று மேலே காட்டும் கோடு முக்கால்வாசி தாண்டிய பிறகு "மன்னிக்கவும், இந்த ஆய்வுக்கு நீங்கள் தகுதி பெறவில்லை" என்று காட்டினால் அதற்கு என்ன பெயர்? வேலையை வாங்கிக்கொண்டார்கள், கூலியைக் கொடுக்கவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு காசுக்குப் பதில் சேரும் பாயிண்ட்டில் ஒன்றிரண்டைக் கையில் வைத்தார்கள். இது எப்போதாவது நடந்த விஷயமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன், முடித்ததைவிட நடுவில் துரத்தப்பட்டதுதான் அதிகம்.

சரி, முடிந்தாலாவது நல்ல காசா? இருபது நிமிட சர்வேக்கு அரை டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன்னால் மூன்று சர்வேயில் துரத்தப்பட்ட நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது ரூபாய் என்று ஆகிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தால் இதைவிட நிச்சயம் கூடுதலாகக் கிடைக்கும். இதற்கு மேல் குறைந்தபட்சத் தொகை சேரும் வரை எடுக்க முடியாது. டாலரில் பணம் அனுப்பும் பேபால் சேவை வழியாக வாங்குவதானால் இந்தியாவில் பான் எண் கொடுத்தாக வேண்டும், டாலரை ரூபாயாக மாற்றும்போது அவர்களும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவில் செல்லும் கிஃப்ட் கார்டு இருந்தால் அதையே எடுப்பது மேல்.

காசு கட்டச் சொல்லும் எதிலும் சேராதீர்கள். சர்வே என்பதே நம் கருத்துக்கு அவர்கள் கொடுக்கும் காசு, அதற்கு நாம் ஏன் கட்ட வேண்டும்? 2010, 2011-ல் ஸ்பீக் ஏசியா என்ற நிறுவனம் இந்தியா முழுக்க 11,000 ரூபாய் சந்தா வாங்கி, வாரத்துக்கு இரண்டு சர்வே, ஆள் சேர்த்தால் போனஸ் என்று நடத்தியது. 2011-ல் பணம் வருவது நின்றது, மும்பை போலீஸ் வழக்குப் பதிந்தது, லட்சக்கணக்கான குடும்பங்களின் பணம் மாட்டிக்கொண்டது. சர்வே வெறும் சாக்கு, புதிதாகச் சேர்ந்தவர் கட்டியதைத்தான் பழையவருக்குக் கொடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

இப்போது அதே வேலை டெலிகிராமில் நடக்கிறது. ஹோட்டலுக்கு ஸ்டார் போடுங்கள் என்பார்கள், முதல் நாள் நூற்றைம்பது, இருநூறு ரூபாய் நிஜமாகவே அக்கவுண்ட்டில் விழும், அதில்தான் ஆட்கள் மயங்குகிறார்கள். அப்புறம் ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு, ஐந்தாயிரம் கட்டினால் ஏழாயிரம். கடைசியில் திரையில் பெரிய தொகை தெரியும், எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள். யாருக்காவது இப்படி நடந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால் பணம் போன அக்கவுண்ட்டை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

ஆக, கூகுள் ஒபினியன் ரிவார்ட்ஸுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், கிரெடிட்டைப் பணமாக எடுக்க முடியாததற்காக ஒன்றைக் குறைக்கிறேன். நான் அழித்த அந்தத் தளத்துக்கு ஒன்று போதும், அதுவும் கடைசியில் கிஃப்ட் கார்டு வந்து சேர்ந்ததற்காக. இதையெல்லாம் படித்த பிறகும் பெரிய தளங்களை முயற்சி செய்ய நினைப்பவர்கள் அதற்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி வைத்துக்கொள்ளுங்கள், ஆதார் எண்ணோ ஓடிபியோ கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள், குறைந்தபட்சத் தொகை சேர்ந்ததும் சேர்த்து வைக்காமல் உடனே எடுத்துவிடுங்கள்.