மலையில் பேசும், கடலில் பேசாது: மரைன் செட் என்று விற்கும் வாக்கி டாக்கி பற்றி

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் படகு வைத்திருப்பவர்களும், எங்களைப் போல மலையில் இருந்துகொண்டு கடற்கரையில் உள்ள சொந்தக்காரரோடு கூட்டாகப் படகு எடுத்தவர்களும் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். எங்கள் பக்கத்து டவுன் ஒன்றில் உள்ள எலக்ட்ரோனிக்ஸ் கடை, படகுக்கான விஎச்எஃப் ரேடியோ, அசல் மரைன் செட் என்று சொல்லி எங்களுக்கு இரண்டு கைசெட் விற்றது. ஒன்று 45,000 ரூபாய். அவை மரைன் செட்டே இல்லை. தரையில் பாவிக்கிற சாதாரண வாக்கி டாக்கிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடையின் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். ஆனால் அதே கடை அதே சாமானை இன்னும் விற்றுக்கொண்டிருப்பதால் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

மச்சான் நிலாவெளியில் இருக்கிறார். அவரும் நானும் சேர்ந்து எடுத்த சின்ன பைபர் படகு ஒன்று அங்கே நிற்கிறது. மே தொடங்கி செப்டம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும், அந்த மாதங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறாத்தீவுப் பக்கம் போவோம், சில நேரம் திமிங்கிலம் பார்க்க இன்னும் வெளியே போவதும் உண்டு. பிள்ளைகள் ஏறுகிற படகில் போனை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்றுதான் ரேடியோ தேடினோம்.

கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன், இது 25 வாட் செட், கடலில் இருபது மைல் அடிக்கும். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. இந்த ஆரஞ்சு பட்டனை அமுக்கிப் பிடித்தால் நேவிக்கு எஸ்ஓஎஸ் போகும்." சந்தேகம் இருந்தால் டெஸ்ட் பண்ணிப் பாருங்கள் என்று அவரே ஒரு செட்டைத் தன் பையனிடம் கொடுத்து மோட்டார் சைக்கிளில் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அந்தப் பக்கத்து மேட்டுக்கு அனுப்பினார். நாங்கள் இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் நின்று பேசினோம். பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. அதைக் கேட்ட பிறகு யாரும் காசு கொடுப்பார்கள்.

அந்த டெஸ்டில்தான் முழு ஏமாற்றும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போகிற அலை. எவ்வளவு தூரம் போகும் என்பதை வாட்டை விட அன்டெனாவின் உயரம்தான் தீர்மானிக்கும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த அன்டெனாவுக்கு எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துக் கூட்ட வேண்டும். சின்னப் படகில் உட்கார்ந்துகொண்டு கையில் பிடிக்கிற செட்டின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள், சுமார் 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவரும் அப்படியே இருந்தால் இரண்டும் சேர்ந்து 10 கிலோமீட்டர், அதுவும் கணக்கில் மட்டும்; அலை அடிக்கிற கடலில் அதிலும் குறையும். கரையில் 30 மீட்டர் கோபுரத்தில் அன்டெனா இருந்தால் அதே கைசெட்டுக்கு 27 கிலோமீட்டர் வரை இடமுண்டு. இதே கணக்கில் 2,243 மீட்டர் உயரமான சிவனொளிபாதமலை உச்சியில் நின்று பேசினால் 190 கிலோமீட்டருக்கு மேல் வரும்! மலைக்கு மலை நேராகத் தெரிகிற நம் ஊரில் எந்த மலிவான செட்டும் நன்றாகத்தான் பேசும். அதை வைத்துக் கடலில் இருபது மைல் போகும் என்று சொல்வது பச்சைப் பொய்.

நடந்தது இதுதான். ஒரு நாள் கரை மெல்லிய கோடாகத் தெரிகிற தூரத்தில் எங்கள் எஞ்சின் நின்றுவிட்டது. பெட்ரோல் லைனில் தண்ணீர். ஆபத்தில் கூப்பிடுகிற 16 ஆவது சனலைச் செட்டில் போட்டுக் கூப்பிட்டோம், பதில் இல்லை. கரையில் மச்சானின் மகனிடம் இருந்த மற்றச் செட்டுக்கும் போகவில்லை. கடைக்காரர் சொன்ன ஆரஞ்சு பட்டனை அமுக்கினோம், செட் எங்கள் காதுக்குள்ளேயே சைரன் மாதிரிக் கத்தியது, லைட் மின்னியது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. சின்னவள் அந்தச் சத்தத்துக்கே பயந்து அழத் தொடங்கிவிட்டாள். அப்புறம் ஒரு அலை படகுக்குள் தெறித்து செட் நனைந்தது, திரை அணைந்தது, பிறகு உயிர் வரவேயில்லை. நல்ல காலம், மச்சானின் போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. தெரிந்த படகொன்று வந்து இழுத்துக்கொண்டு போனது.

ஏன் யாருக்கும் கேட்கவில்லை என்பதை அடுத்த நாள் ஒரு மீனவ ஐயா கண்டுபிடித்தார். நெடுநாள் படகில் பல வருடம் ஓடியவர், அவருடைய படகில் நல்ல பிக்ஸ்ட் செட், அதாவது படகிலேயே பொருத்தி வைக்கிற ரேடியோ, இருக்கிறது. கரையில் இருந்து தப்பிய செட்டை வாங்கி 16 இல் பேசிப் பார்த்தார். அவருடைய செட் 16 இல் ஒரு சத்தமும் வரவில்லை. ஒவ்வொரு சனலாகத் திருப்பிக்கொண்டே போக, 6 ஆவது சனலில் எங்கள் செட்டின் குரல் வந்தது! உலகம் முழுவதும் கடலில் ஆபத்துக்கும் அழைப்புக்கும் உள்ள 16 ஆவது சனல் 156.800 மெகாஹெர்ட்ஸ். எங்கள் செட்டில் 16 என்று காட்டிய இடத்தில் 156.300 தான் பதிந்திருந்தது, அது 6 ஆவது சனலுக்குரியது. கடையில் கம்ப்யூட்டரை வைத்து யாரோ கண்டபடி நிரப்பியிருக்கிறார்கள். இரண்டு செட்டிலும் ஒரே பிழை இருந்ததால் அவை இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகப் பேசின, அதனால் காசல்ரீயில் எதுவும் தெரியவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுக்கடலில் நாங்கள் உதவிக்குக் கூப்பிட்டது உதவி செய்யக்கூடியவர்கள் காது வைத்திருக்காத இடத்தில். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

குரலும் மெலிந்துதான் கேட்டது என்றார் ஐயா. மரைன் சனல்கள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலம், தரைச் செட்டை 12.5 இல் போட்டு வைத்தால் அப்படித்தான் வரும்.

ஹட்டனில் போன் திருத்துகிற தம்பி நனைந்த செட்டைக் கழற்றிக் காட்டினார். தண்ணீரைத் தடுக்க ரப்பர் வளையம் எதுவும் இல்லை, உள்ளே உப்புப் பூத்திருந்தது. பேட்டரிக்கு அடியில் மேல் ஸ்டிக்கரை உரித்தால் கீழே தரைச் செட்டின் அசல் மொடல் பெயரும் 5 வாட் என்பதும் இருந்தது. ஏழெட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான். கடைக்குப் போனால் முதலாளி முகத்தைப் பார்த்தே பேசவில்லை. உப்புக் காற்றில் எந்தச் செட்டும் பழுதாகும் என்றார், பில்லில் "ரேடியோ 2" என்றுதானே இருக்கிறது, மரைன் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொல்லி விற்கும்போது மரைன், பில் எழுதும்போது வெறும் ரேடியோ. பில்லில் கம்பனிப் பெயரும் மொடல் இலக்கமும் முழுதாக எழுதித் தராத கடையில் எதையும் எடுக்காதீர்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பார்க்கக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன. கைசெட் 25 வாட் என்று சொன்னால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள், மரைன் கைசெட் 5 அல்லது 6 வாட்தான், 25 வாட் என்பது படகின் பேட்டரியில் ஓடுகிற பிக்ஸ்ட் செட்டுக்கு. திரையில் சனல் இலக்கம் வர வேண்டும், 16 க்கு நேராகப் போகத் தனிப் பட்டன் இருக்க வேண்டும். ஒன்று முதல் ஒன்பது வரை எண் அடிக்கிற கீபேட் இருந்து, எந்த அலைவரிசையையும் நீங்களே அடித்துப் பேச முடிந்தால் அது தரைச் செட். இன்னொன்று, 70 ஆவது சனல். அது டிஎஸ்சி என்கிற டிஜிட்டல் அழைப்புக்கு மட்டும் ஒதுக்கியது, அதில் குரல் பேச அசல் மரைன் செட் விடாது. எங்களுடையதில் 70 இல் தாராளமாகப் பேசலாம்.

எஸ்ஓஎஸ் பட்டன் என்று சொல்வதும் இந்த டிஎஸ்சி இருந்தால்தான் உண்மை. மூடி போட்ட சிவப்புப் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால், உங்கள் படகின் அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணும், ஜிபிஎஸ் இருந்தால் நிற்கும் இடமும் 70 இல் போய், எட்டும் தூரத்தில் உள்ள டிஎஸ்சி செட் எல்லாவற்றிலும் அலாரம் அடிக்கும். இலங்கைக் கப்பல், படகுகளுக்கு அந்த எண் 417 என்று தொடங்கும். எண்ணைப் பதியாமல் விட்டால் பட்டன் இருந்தும் பிரயோசனம் இல்லை.

நாங்கள் மறுபடி தேடியபோது ஒப்பிட்டுப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். கைசெட்டில் ஸ்டாண்டர்ட் ஹொரைசன் எச்எக்ஸ் 210 உம் ஐகாம் எம் 25 உம் தண்ணீரில் மிதக்கும், விழுந்தால் லைட் மின்னும், இரண்டும் ஐபிஎக்ஸ் 7, அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். முதலாவது 6 வாட், இரண்டாவது 5, கடலில் இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டிலும் டிஎஸ்சி இல்லை. டிஎஸ்சியும் ஜிபிஎஸ்ஸும் கையிலேயே வேண்டுமென்றால் எச்எக்ஸ் 890 அல்லது ஐகாம் எம் 94டி, விலை நன்றாகக் கூடும். பிக்ஸ்ட் செட்டில் ஐகாம் எம் 330, ஸ்டாண்டர்ட் ஹொரைசன் ஜிஎக்ஸ் 1400 இரண்டும் 25 வாட், டிஎஸ்சி உண்டு. என் அபிப்பிராயம், காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பிக்ஸ்ட் செட்டை எடுத்து அன்டெனாவை முடிந்த உயரத்தில் வையுங்கள். செட்டிலிருந்து அன்டெனாவுக்குப் போகிற கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள், மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் 10 மீட்டர் ஓடினாலே மூன்றில் ஒரு பங்கு சக்தி வழியில் போய்விடும். மிதக்கிற கைசெட் இரண்டாவது, படகை விட்டு இறங்க வேண்டி வந்தால் கையில் இருக்க.

நம் பக்கத்து நீர்த்தேக்கங்களில் படகு ஓட்டும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கடை உங்களுக்கும் இதே செட்டை "மரைன்" என்று காட்டுகிறது என்று கேள்விப்பட்டேன். காசல்ரீயிலோ மவுசாகலையிலோ 16 இல் கூப்பிட்டால் யார் கேட்பது? அங்கே கரையோர நிலையம் கிடையாது, மரைன் சனல்கள் கடலுக்கு ஒதுக்கியவை. நீர்த்தேக்கத்தில் வளைவு ஒன்று திரும்பினாலே நடுவில் மலை வந்து அலையை மறைத்துவிடும். அந்தக் காசுக்கு ஆளுக்கொரு நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். செட் கட்டாயம் வேண்டுமென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அனுமதி கேட்டு, அவர்கள் சொல்கிற அலைவரிசையில் எடுங்கள். ரேடியோ வைத்திருக்க லைசன்ஸ் வேண்டும், அதைப் பற்றியும் அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் பேசி, பில்லின் பிரதியும் உரித்த ஸ்டிக்கரின் படமும் சேர்த்து எழுத்திலும் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி ஆரஞ்சு பட்டன் உள்ள "மரைன்" செட்டை மலையகத்தில் எந்தக் கடையில் எடுத்திருந்தாலும், பேட்டரியைக் கழற்றி உள்ளே ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து, பில்லையும் பத்திரப்படுத்தி, நீங்களும் உங்கள் பெயரில் ஒரு முறைப்பாடு கொடுங்கள். நாலைந்து பேர் கொடுத்தால் பில்லில் "ரேடியோ" என்றுதான் இருக்கிறது என்ற கதை அங்கே எடுபடாது.